சீனி போடாத டீ

பிரகதீஸ்வரிக்குச் சுகர் கிடையாது. இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, அவள் புருஷன் செல்லமுத்துவுக்கு, மகள் சுடர்விழிக்கு. ஊரில் மற்ற எல்லாரும் அவளுக்குச் சுகர் இருப்பதாக எட்டு வருசமாக நம்பினார்கள். சும்மா நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்காக உழைக்கவும் செய்தார்கள்.

ஊர் என்றால் குளத்தூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் தைலமரக் காடு, நடுவில் இருநூறு வீடு. எந்த வீட்டுக்குப் போனாலும் பிரகதீஸ்வரிக்கு மட்டும் தனி டம்ளரில் சீனி போடாத டீ வரும். பந்தியில் இனிப்பு வாளியோடு வருகிறவன் அவள் இலையைத் தாண்டிப் போய்விடுவான். மறந்துபோய் வைத்துவிட்டால் பக்கத்து இலைக்காரி எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொள்வாள். அவள் நல்லதுக்காகத்தான்.

இந்தச் சேவைக்கெல்லாம் தலைமை பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய். பங்காளி முறையில் அண்ணன் பெண்டாட்டி, செல்லமுத்துவுக்கு அத்தாச்சி. தினமும் காலையில் எவர்சில்வர் டம்ளர் நிறையப் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து நீட்டுவாள். பிரகதீஸ்வரி கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கிறாளா என்று இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், செல்லமுத்து சமையல் மாஸ்டர். காதுகுத்து, கல்யாணம், கெடாவெட்டு எதுவானாலும் அவன்தான் அடுப்பு. அவன் கை பூந்திக்கும் கேசரிக்கும் குடுமியான்மலை வரைக்கும் பேர் உண்டு. பாகை விரலில் தொட்டு இழுத்தால் கம்பி எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். ஊருக்கெல்லாம் இனிப்புக் கிண்டுகிறவன் பெண்டாட்டி எட்டு வருசமாக ஒரு பூந்தி தின்றதில்லை. அவனே வாய்விட்டுக் கெடுத்த காரியம் அது.

எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நிலக்கடலை வெட்டு முடிந்த சமயத்தில் பிரகதீஸ்வரிக்குத் தூக்கம் போனது. தைலமரக் காட்டுக்குள் நாலைந்து பேர் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். பிறகு சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சாப்பிட மறுத்தாள். நூறு ஊருக்குச் சோறு போட்டவனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடைக்காது. ஆறு மாசம் மந்திரிப்பும் எலுமிச்சம்பழமுமாகப் போனது. கடைசியில் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, “இது மூளையில வர்ற வியாதி, மாத்திரையில கட்டுப்படும், நிறுத்தாமப் போடணும்” என்று எழுதிக் கொடுத்தாள். ரெண்டு மாசத்தில் பிரகதீஸ்வரி தூங்கினாள், சாப்பிட்டாள், சாம்பாரில் உப்பு கூட என்று அவனைக் குறை சொன்னாள். செல்லமுத்து அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதான்.

மறுமாசம் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். “என்னப்பா, புருஷன் பொண்டாட்டி ஆஸ்பத்திரிப் பக்கம்?” மகளுக்கு அப்போது பத்து வயசு. நாளைக்கு இவளை எவன் கட்டுவான் என்கிற நினைப்பு குறுக்கே ஓடியது. முந்தின நாள் முழுக்கப் பாகு காய்ச்சிய ஆளுக்கு வேறென்ன வாயில் வரும். “இவளுக்குச் சுகரு மாமா” என்றான்.

அவ்வளவுதான். அவர்கள் ஊர் வந்து இறங்குவதற்குள் செய்தி முந்தின பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது.

பிரகதீஸ்வரி இதற்கு ஒருநாளும் அவனோடு சண்டை போட்டதில்லை. “பைத்தியம்னா வாசப்படிய மிதிக்க மாட்டாக. சுகருன்னா சாறு புழிஞ்சு கொண்டாராக. கசந்தாலும் மனுசரு வாராகள்ல” என்பாள். மாத்திரையை ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ராத்திரிக்கு ஒன்று. காலையில் பாகற்காய்ச் சாறு. இடையில் நடவு, களை, கடலை உடைப்பு. இப்படியே வண்டி ஓடியது.

வைகாசியில் ரஞ்சிதா வந்தாள்.

வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலையில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கீழத்தெருப் பிள்ளை. ஊர்ச் சுகர்காரர்கள் யார் யார் என்று விசாரித்தபோது பத்துப் பேர் முதல் பேராகப் பிரகதீஸ்வரியைச் சொன்னார்கள். செல்லமுத்து அப்போது ரெண்டு நாள் கல்யாண வேலையாக வெளியூர் போயிருந்தான். பொன்னுத்தாய் சாறு டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். ரஞ்சிதா விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினைப் பார்த்தாள்.

“தொண்ணூத்தி நாலு. சித்தி, ஒங்களுக்குச் சுகரே இல்ல.”

“ஒன் மெசினு கெட்டுப்போச்சு” என்றாள் பொன்னுத்தாய். “எட்டு வருசச் சுகருடி இது. எங்கிட்டுப் போகும்? இந்தா, எனக்குக் குத்து. நல்லாருக்கிற ஒடம்புக்கு என்ன காட்டுதுன்னு பாப்போம்.”

குத்தினாள். ரஞ்சிதா மெஷினைப் பார்த்தாள், பொன்னுத்தாயைப் பார்த்தாள்.

“என்னடி காட்டுது?”

“இருநூத்தி அறுபத்தெட்டு பெரியம்மா. மெஷினு நல்லாத்தான் இருக்கு.”

பொன்னுத்தாய் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஏய், இது இந்த வாசல விட்டு வெளிய போகப்படாது. ஊருக்கே வைத்தியம் சொன்னவ நானு. மொகத்த எங்க கொண்டுபோயி வைக்க?”

“நாளைக்கு வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வாங்க பெரியம்மா. இன்னொருக்கா பாத்துட்டு மாத்திரை தருவாங்க.”

“வாரேன், வாரேன்.”

போகவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு காரியம் பார்த்தாள். எட்டு வருசச் சுகர் பாகற்காய்ச் சாற்றில் பறந்துவிட்டது என்று மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். செல்லமுத்து திரும்பி வந்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நாலு பெண்கள் சாறு பிழியும் பக்குவம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரகதீஸ்வரி தட்டில் லட்டு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படிச் சிரித்த முகமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. “இனி அந்த மாத்திரை எளவத் தூக்கிக் கண்மாயில போடுத்தா” என்றாள் ஒருத்தி. “ஆமாக்கா” என்றாள் இவள்.

செல்லமுத்து கரண்டிப் பையை மூலையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனான். அந்தக் கூட்டத்தில் அவன் என்ன சொல்லியிருக்க முடியும்?

மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வில்லங்கம். ரெண்டாவது வாரம் அவள் தூக்கம் ரெண்டு மணி நேரமாகக் குறைந்தது. மூன்றாவது வாரம் குளிப்பதை விட்டாள். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பின்வாசலில் உட்கார்ந்து தைலமரக் காட்டையே பார்த்துக்கொண்டு, இடையிடையே தலையை ஆட்டினாள். வெயில் நூற்றி நாலு அடித்தது. இலை அசையவில்லை. ஆனால் அவளுக்கு அங்கே சந்தை கூடியிருந்தது.

“ஈஸ்வரி, மாத்திரையப் போடு தாயி.”

“எனக்குத்தான் ஒண்ணுமில்லையே.”

“இல்லாதது சுகருதான். அது வேற, இது வேற.”

“எது வேற?” என்று அவள் திரும்பினாள். கண் ரெண்டும் சிவந்து கிடந்தன. “மெஷினு சொல்லுச்சு. ஊரே வந்து சொல்லிட்டுப் போச்சு. நீங்க ஒத்த ஆளுதான் எனக்கு வியாதி இருந்தே தீரணும்னு நிக்கிறீங்க. அப்ப ஒண்ணு செய்யுங்க. எம் பொண்டாட்டிக்கு இன்ன வியாதின்னு ஊர்ல போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, மாத்திரையப் போடுறேன்.”

ஐநூறு பேர் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று செல்லமுத்துவுக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. ராத்திரி அலமாரியைத் திறந்து பார்த்தபோது பெருங்காய டப்பாவைக் காணோம். கண்மாயில் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டா ஆஸ்பத்திரிக்குப் போவது? ஊர் பார்க்காதா? ஆத்மநாதன் வீட்டுக் காதுகுத்து முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு படுத்தான்.

ஆத்மநாதன் அந்த ஊர்க்காரர்தான், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து பேரனுக்குக் காது குத்தினார். முந்நூறு இலை. விடிவதற்கு முன்னால் கொட்டகையில் மூன்று அடுப்புப் பற்றவைத்தாயிற்று. செல்லமுத்துவின் கூட்டத்தில் காய் அரிகிறவர்கள் ஆறு பெண்கள், அதில் பொன்னுத்தாய் மூத்த கை. அவள் வெங்காயம் அரிகிற வேகத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி உரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு என்னவோ அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தவள் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அத்தாச்சி, வெங்காயத்துட்ட ஜோசியம் கேக்குறீங்களா?” என்று செல்லமுத்து அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான்.

பதில் இல்லை. வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்லுவாள். அவன் பூந்திப் பாகைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். பொன்னுத்தாயின் தலை மெல்ல மெல்ல அரிவாள்மனையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவள் பதறிப்போய் இழுத்துச் சாய்த்தாள். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பேச முயன்றாள். நாக்குத் தடித்துக் குழறியது.

“காத்து கருப்பு அடிச்சிருச்சு. விபூதி கொண்டாங்க” என்றார் ஒருவர்.

“வாதம்ப்பா. அசைக்காதீங்க” என்றார் இன்னொருவர்.

விருந்துக்கு வந்திருந்த ரஞ்சிதா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். பையில் மெஷின் இருந்தது. விரலில் குத்திப் பார்த்துவிட்டு அவள் காதோடு குனிந்தாள். “சுகரு இறங்கல. கூடத்தான் இருக்கு. பெரியம்மா, ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?”

பொன்னுத்தாய் கண்ணைப் பாதி திறந்து, ரஞ்சிதாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் குழறினாள். “ஈஸ்வரி வீட்டு… சுகரு மாத்திரை. அவளுக்குத்தான் வேணாமே… வீணாப் போகுதுன்னு… எனக்குத்தான் சுகரு கூட இருக்குல்ல… ரெண்டாப் போட்டேன்…”

ரஞ்சிதா நிமிர்ந்து செல்லமுத்துவைப் பார்த்தாள். “சித்தி மாத்திரைய எடுத்துப் போட்டுருக்காக. எந்தச் சுகரு மாத்திரையும் இப்புடிக் கழுத்த முறுக்காது. சித்தப்பா, சித்திக்கு என்ன மாத்திரை குடுக்கிறீங்க?”

முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். மொட்டையடித்த பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆத்மநாதன் நின்றார். செல்லமுத்துவின் கையில் கரண்டி. அடுப்பில் பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வந்து கொதித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்துக்கு அவன் வாய்க்கு ஒரு பொய் வந்திருக்க வேண்டும். எட்டு வருசமாகத் தவறாமல் வந்த வாய் அது. பிரஷர் என்று சொல்லலாம், தைராய்டு என்று சொல்லலாம். ரெண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பொன்னுத்தாயின் கழுத்து இன்னும் கொஞ்சம் திருகியது.

“அது சுகருக்கு இல்லத்தா” என்றான். “மனசுக்கு. அவளுக்குக் காதுல பேச்சுக் கேக்கும். அதுக்குப் போடுற மாத்திரை. எட்டு வருசமாப் போடுறா. சுகருன்னு நாந்தான் சொன்னேன்.”

ஆத்மநாதன் பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“மாத்திரை பேரு?” என்றாள் ரஞ்சிதா. அவளுக்கு மற்றதெல்லாம் பிறகுதான். அவன் சட்டைப் பைக்குள் நாலாக மடித்து, எண்ணெய் ஏறிப்போயிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். நூற்றியெட்டு வந்து பொன்னுத்தாயை ஏற்றிக்கொண்டு போனது. ரஞ்சிதாவும் பட்டுச்சேலையோடு ஏறிப்போனாள்.

செல்லமுத்து அடுப்புக்குத் திரும்பியபோது பாகு முறுகிக் கருகிப்போயிருந்தது. முப்பத்தைந்து வருசத்தில் முதல் தடவை. கொட்டிவிட்டுப் புதிதாகச் சீனி அளந்து போட்டான். முதுகுக்குப் பின்னால் பேச்சு நடந்தது. “பெருசு, அந்தப் பொம்பளை நம்மூட்டுச் சட்டியத் தொட்டுருக்குமோ?” “சும்மா இருடி. எட்டு வருசமா ஒன்னோடதான் நாத்து நட்டா. ஒன்னயக் கடிச்சா வச்சா?” இனி இந்த ஊரில் அவனை அடுப்புக்குக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. அன்றைக்குப் பந்தியில் இனிப்பு கால் மணி நேரம் தாமதமாக வந்தது.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டான். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். “சுடரு, ஒரு காரியம் ஆகிப்போச்சு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. அங்கிட்டும் யாராச்சும் வந்து கேட்டா…”

“எங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா. சேந்த மாசமே சொல்லிட்டேன். ஷர்லின்னு ஒருத்தி, அவங்கப்பாவும் அதே மாத்திரைதானாம்.”

“அப்புடியா?”

“அம்மா சாப்புட்டாங்களா?”

“இல்ல.”

மூன்றாம் நாள் காலையில் பொன்னுத்தாய் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியில் கழுத்து நேராகிவிட்டது, ஆனால் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். கையில் டம்ளர் இல்லை. செல்லமுத்து வாசலில் எழுந்து நின்றான். திட்டு வாங்குவதற்கு வசதியாகத் துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“அத்தாச்சி, நான்…”

“நீ அங்கிட்டுப் போ. ஒன்னோட கணக்கு அப்பறம். நான் இவட்டப் பேசணும்.”

பிரகதீஸ்வரி பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலை சடைபிடித்துக் கிடந்தது. பொன்னுத்தாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி, டப்பாவ நான் எடுத்துக்கவான்னு கேட்டப்ப சரி சரின்னியே?”

“நான் ஒங்கள்ட்டச் சொல்லலக்கா.”

“பின்ன யார்ட்டச் சொன்ன?”

பிரகதீஸ்வரி தைலமரக் காட்டைப் பார்த்தாள். பொன்னுத்தாயும் பார்த்தாள். அங்கே மரம்தான் இருந்தது.

“ரெம்பப் பேசுறாகளோ?” என்றாள் பொன்னுத்தாய்.

“நிறுத்த மாட்டேங்குறாகக்கா. அலுப்பா இருக்கு.”

“எனக்கு அத நிறுத்தத் தெரியாதுடி. பாவக்காச் சாறுல நிக்காது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன்.” பொன்னுத்தாய் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ரெண்டு மாத்திரை. ரெண்டே ரெண்டு. கை கால் என் பேச்சுக் கேக்கல, நாக்கு என் பேச்சுக் கேக்கல. இத நீ எட்டு வருசமா முழுங்கிட்டு என்னோட வயல்ல நின்னு நாத்து நட்டுருக்க. நான் வெரசா நடுடி, தூங்குமூஞ்சின்னு ஒன்னய எத்தன தடவ வஞ்சிருப்பேன். நீ ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தியாடி?”

“மொத ரெண்டு மாசந்தான்க்கா அப்புடி இருக்கும். அப்பறம் ஒடம்பு பழகிரும்.” பிறகு பிரகதீஸ்வரி மெல்லக் கேட்டாள். “இவரு சொன்னாரா? ஊர்ல?”

“சொன்னான். முந்நூறு எலைக்குப் பாகு கருகக் கருகச் சொன்னான்.”

பிரகதீஸ்வரி திரும்பி, கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். ஐம்பது வயசு ஆள் ஒளிகிற இடமா அது, வயிறு பாதி வெளியே தெரிந்தது. “பாகு கருகிருச்சா?” என்றாள்.

“கருகிருச்சு.”

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. “தண்ணி வெலாவுங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு வாரேன்” என்றாள்.

மூன்று பேரும் பத்தரை மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். டாக்டரம்மாவைப் பார்த்து மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று கேட்க வேண்டும். பொன்னுத்தாய்க்கும் அதே ஆஸ்பத்திரியில் வேறு வரிசையில் சீட்டு இருந்தது. ஊருக்கு அவள் “மாத்திரை மாறிப்போச்சு” என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தாள். எந்த வியாதிக்குப் போட்ட மாத்திரை என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அழகுமலை டீக்கடை. பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். பிரகதீஸ்வரியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், தலைகீழாக. இன்னொருவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அது இடம் விடுவதற்கா, விலகுவதற்கா என்று செல்லமுத்துவுக்கு விளங்கவில்லை. பிரகதீஸ்வரி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். காட்டுப் பக்கம் அவள் தலை ஒருதரம் திரும்பியது. பொன்னுத்தாய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அழகுமலைக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் எட்டு வருசப் பழக்கம் கையில் இருந்தது. சீனி போடாத டீயைப் பிரகதீஸ்வரி முன்னாலும், ரெண்டு கரண்டி போட்ட டீயைப் பொன்னுத்தாய் முன்னாலும் வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றான். செல்லமுத்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று தொண்டையைச் செருமினான்.

பொன்னுத்தாய் தன் முன்னால் இருந்த கிளாஸை எடுத்துப் பிரகதீஸ்வரியின் பக்கம் தள்ளினாள். அவளுடையதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“அத்த, அது சீனி போடாதது” என்றான் அழகுமலை.

“தெரியும். இனிமே எனக்கு இதான்.”

பெஞ்சில் பேப்பர் இறங்கியது. பொன்னுத்தாய் ஒரு வாய் குடித்தாள். முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. “இந்தக் கண்றாவியவா எட்டு வருசமாக் குடிச்ச?” என்றாள்.

பிரகதீஸ்வரி கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். செல்லமுத்து அவள் கையையே பார்த்தான். ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“அழகுமல” என்றாள். “சீனி பத்தல. இன்னொரு கரண்டி போடு.”

பஸ் வர இன்னும் பத்து நிமிசம் இருந்தது. ஆற்றிக் குடிக்க நேரம் இருந்தது.